உட்காராத பிள்ளையை வரைந்தது

அந்தப் பெண்ணுக்கு நான்கு வயது. நாற்காலியில் தூக்கி உட்கார வைத்துவிட்டு நான் கரித்துண்டைக் கையில் எடுப்பதற்குள் இறங்கிவிடுவாள். இறங்கினாள் என்றுகூடச் சொல்ல முடியாது, வழிந்துவிடுவாள். முதலில் இடுப்பு நழுவும், பிறகு தோள், கடைசியாகத் தலை. அடுத்து நான் நிமிர்ந்து பார்க்கும்போது நாற்காலிக்கு அடியில் படுத்து என் பையின் வாரை இழுத்துக்கொண்டிருப்பாள்.

மரக்காணத்தில் குழந்தைகளைப் படமாக வரைந்து கொடுக்கும் வேலையை நான் நினைத்துத் தொடங்கவில்லை. பாண்டிச்சேரியில் ஒரு பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்தேன். கணவருக்கு இங்கே மாற்றலானதும் வேலையை விட்டுவிட்டு வந்தேன். நான் சும்மா இருந்து பழக்கமில்லாத ஆள். வீட்டுக்குள் நடந்து நடந்து தரையே தேய்ந்துவிடும் என்று அவர் கேலி செய்வார். அந்தச் சமயத்தில் குழந்தைகள் டாக்டர் ஒருவர் தன் மகனை வரையச் சொன்னார். அந்தப் படத்தைத் தன் கிளினிக் சுவரில் மாட்டினார். டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருப்பவர்களுக்குப் பார்க்க வேறு எதுவும் இல்லாததால், ஒவ்வொருவராக என்னை விசாரித்து வர ஆரம்பித்தார்கள்.

அப்படி வந்தவர்தான் இந்தப் பெண்ணின் அப்பா. உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர். ஈ.சி.ஆரை ஒட்டிப் புதிதாக வீடு கட்டியிருந்தார். ஹாலில் மகளின் படம் பெரிதாக இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

"போட்டோ குடுங்க, அத வெச்சு வரைஞ்சிடலாம்" என்றேன்.

"போன் பூரா போட்டோதாங்க மேடம். ஒண்ணுலயும் மூஞ்சி இல்ல." நீட்டினார். ஒன்றில் ரிப்பன் மட்டும் இருந்தது. ஒன்றில் கலங்கிப்போன ஒரு கை, அதன் பின்னால் பயந்து ஓடும் கோழி. "நீங்க நேர்ல பாத்து வரைங்க. நேரா உக்காந்து, சிரிச்ச மாதிரி."

மே மாதம். காலையிலேயே போய்விடுவேன். ஜன்னல் வழியாக உப்புப் பாத்திகளில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கூரையில் அலையும். எனக்குக் கண் கூசும். பெண்ணின் அம்மா சமையலறைக்கும் ஹாலுக்குமாக நடப்பாள். அப்பா வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வருவார், போனைப் பார்ப்பார், மறுபடி வாசலுக்குப் போவார். வாரி வைத்த உப்பு அளத்தில் குவிந்து கிடந்தது. கோடை மழை ஒன்று வந்தால் போதும், அத்தனையும் கரைந்துவிடும். அந்த வீட்டில் யாருமே ஓரிடத்தில் இருக்கவில்லை. பிள்ளையை மட்டும் எல்லோரும் அதட்டினோம்.

"உக்காருடி. ஆன்ட்டி வரையிறாங்க இல்ல?"

"உக்காந்துட்டேனே!" என்பாள், ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு.

ஒருநாள் அம்மா பொறுக்கமாட்டாமல் போனைக் கையில் கொடுத்துவிட்டாள். பெண் சிலையாகிவிட்டாள். நான் வேகவேகமாக வரைந்தேன். நெற்றி, மூக்கு, மேலுதட்டின் சின்ன வளைவு எல்லாம் கிடைத்துவிட்டன. வரைந்ததை அம்மா எட்டிப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கியது.

"இது போன் பாக்குற மூஞ்சி, அக்கா. என் பொண்ணு இது இல்ல."

உண்மைதான். வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்ணில் ஆளே இல்லை. கிழித்துப் போட்டேன்.

இன்னொரு நாள் சோபாவிலேயே தூங்கிப்போனாள். இதை விட்டால் கிடைக்காது என்று உட்கார்ந்தேன். அப்பா வந்து பார்த்துப் பதறிவிட்டார். "மேடம், வேணாம். கண்ணு மூடுன படத்தயா வீட்ல மாட்டுவாங்க?" நான் உடனே அதையும் சுருட்டி வைத்தேன். வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். இந்த வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிடலாமா என்று வழியெல்லாம் யோசனை.

சொல்லிவிடத்தான் அடுத்த நாள் போனேன். காலையிலேயே புழுக்கம். காகிதம் நமத்துப்போய்க் கரி ஒட்டவில்லை. கடல் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் போன் அடித்தது. அளத்திலிருந்து யாரோ கத்துவது எனக்கே கேட்டது: "அண்ணே, தூறுதுண்ணே! குவியல மூட கீத்து பத்தாது!"

அவர் சட்டைகூடப் போடாமல் பைக்கை எடுத்தார். அம்மா மாடியில் கிடந்த தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் ஏறினாள். "அக்கா, பாப்பாவ கொஞ்சம் பாத்துக்கங்க!" அவ்வளவுதான். வீட்டில் நானும் அவளும் மட்டும்.

மழை பிடித்துக்கொண்டது. நான் ஜன்னல்களைச் சாத்த ஓடினேன். முதல் இடி விழுந்ததும் கரண்ட் போனது. திரும்பிப் பார்த்தால் அவளைக் காணோம். ஹாலில் இல்லை, சமையலறையில் இல்லை. வாசல் கதவு வேறு திறந்து கிடந்தது. வெளியே ஓடப் போனபோது காலை ஏதோ பிடித்தது. நாற்காலிக்கு அடியில் இருந்தாள்.

"எங்கம்மா எங்க?"

"உப்ப மூடப் போயிருக்காங்கடா. வந்துடுவாங்க."

நான் நாற்காலியில் உட்கார்ந்ததும் மடியில் ஏறிக்கொண்டாள். என் கழுத்தில் முகத்தைப் புதைத்தாள். அப்புறம் அசையவில்லை. இத்தனை நாள் கெஞ்சிக் கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. ஒரு காதும் வேர்த்து ஒட்டிய முடியும்தான் தெரிந்தன. அசையவில்லை என்றேனே, அதுவும் முழுக்கச் சரியில்லை. அவள் நெஞ்சு என் மேல் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கால் கட்டைவிரல் மட்டும் நாற்காலியின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. அடுத்த இடிக்கு எந்தப் பக்கம் ஓடலாம் என்று அது தயாராக இருப்பதுபோல எனக்குப் பட்டது. நானும் என் காலை ஆட்டிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

அவர்கள் நனைந்து திரும்பினார்கள். அவர் நின்றுகொண்டே ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "கடைசிப் பாத்திக் குவியல் கரைஞ்சிடுச்சு. மிச்சத்த மூடிட்டோம்" என்றார். வந்த விஷயத்தை நான் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவளை உட்கார வைப்பதை விட்டேன். அவள் பின்னாலேயே வீடு முழுக்க நடந்தேன். நடந்தபடியே காகிதத்தில் கிறுக்கினேன். ஓடித் திரும்பும்போது மட்டும் வரும் ஒரு பார்வை, குதிப்பதற்கு முன் உதட்டை உள்ளிழுப்பது, எல்லாம் துண்டு துண்டாகக் கிடைத்தன. பிறகு வீட்டில் வைத்துக் கேன்வாஸில் வரைந்தேன். படத்தில் அவள் நாற்காலியிலிருந்து பாதி இறங்கிவிட்டாள். ஒரு கால் தரையில். உடம்பு ஓரத்தை நோக்கிச் சாய்ந்திருக்க, முகம் மட்டும் நம்மைத் திரும்பிப் பார்க்கிறது. சிரிப்பு வந்ததா போனதா என்று சொல்ல முடியாது.

கொண்டுபோய்ப் பிரித்துக் காட்டினேன். அப்பா தாடையைத் தடவினார். "இன்னும் கொஞ்சம் வேல இருக்குதுங்களா மேடம்?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"முடிஞ்சிடுச்சுங்க."

அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். நெடுநேரம் பார்த்தாள். "ஏங்க, இத ஹால்ல அடிச்சு வெச்ச ஆணியிலயே மாட்டுங்க" என்றாள். அவர் ஸ்டூலைத் தேடிப் போனார்.

பெண் எங்கிருந்தோ ஓடிவந்து படத்துக்கு முன்னால் நின்றாள். தன்னைத்தான் வரைந்திருக்கிறது என்று புரிந்ததா தெரியவில்லை.

"ஆன்ட்டி, இவ எங்க போறா?"

"தெரியலையேடா."

"நானும் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்புறமாக ஓடினாள்.