சரி சொல்லும் உடம்பு

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம்: அப்பா, அக்கா, நான். நான் சின்னப் பையனாக இருந்தபோதே அம்மா தவறிவிட்டார். அப்பா வேலை முடிந்து வரும்போது கேட்கும் மோட்டார் சைக்கிள் சத்தத்தை வைத்தே அன்றைய பொழுது எப்படிப் போகும் என்று சொல்லிவிடுவோம். வந்ததும் எஞ்சின் அணைந்தால் நல்ல நாள். வாசலில் வந்து நின்ற பிறகும் ஆக்ஸிலேட்டரை ஒருமுறை முறுக்கினார் என்றால் பெல்ட் கழற்றப்படும் நாள்.

அந்த முறுக்கல் கேட்டதும் அக்கா அவருடைய சட்டையை எடுத்துத் தேய்க்க ஆரம்பிப்பாள், ஏற்கெனவே தேய்த்த சட்டையாக இருந்தாலும். நான் வாசலுக்கே போய், கோயில் தலைவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு விடாமல் பேசுவதை நடித்துக் காட்டுவேன். அப்பா சிரித்துவிட்டால் பெல்ட் இடுப்பிலேயே இருக்கும்.

இதனால் அக்கம்பக்கத்தில் எனக்கு நல்ல பெயர். கலகலப்பான பையன், எதைச் சொன்னாலும் செய்வான் என்பார்கள். படிப்புதான் ஏறவில்லை. மூன்றாம் படிவத்தோடு நானும் பள்ளிக்கூடமும் ஒருவரையொருவர் விட்டுவிட்டோம்.

பிறகு சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலை கிடைத்தது. அங்கே சூப்பர்வைசர் குரலைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும், அவர் கேட்டு முடிப்பதற்குள் என் வாயிலிருந்து 'ஓகே பாஸ்' விழுந்துவிடும். என்ன கேட்டார் என்பதைப் பக்கத்தில் நிற்பவனிடம் அப்புறம் விசாரித்துக்கொள்வேன். தொழிற்சாலை வாசலில் தேநீர் விற்கும் ஒட்டுக்கடை அண்ணன் ஒருநாள் ஆர்டரை மாற்றி இஞ்சித் தேநீர் கொடுத்தார். அன்று அவர் முகம் சரியில்லை. ரொம்ப நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு என்னைக் கண்டாலே இஞ்சியைக் கூடுதலாகத் தட்டிப் போடுவார். இஞ்சி எனக்குக் குமட்டும்.

எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு நாய் திரிந்தது. யார் கையை ஓங்கினாலும் உடனே மல்லாந்து படுத்து வாலை ஆட்டும். பாசமான நாய் என்று எல்லாரும் சொன்னார்கள். அதன் வயிறு படபடவென்று அடித்துக்கொள்வதை அவர்கள் கவனிக்கவில்லை. எனக்கும் அதே இடத்தில்தான் அடிக்கும் என்பதால் நான் கவனித்தேன். முடிவு அங்கேதான் எடுக்கப்படுகிறது. தலைக்குத் தகவல் அப்புறம்தான் வரும்.

அக்காவுக்கு அப்போது ஷா ஆலமில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. கிள்ளானிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை சொந்த லோரி வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் அம்மாவோடும் இரண்டு உறவுக்காரர்களோடும் பெண் பார்க்க வந்தார். மெதுவாகப் பேசினார், அப்பாவை வார்த்தைக்கு வார்த்தை அங்கிள் என்றார். குறை சொல்ல ஒன்றுமில்லை.

தேநீர் குடிக்கும்போது அந்த அம்மாவின் கை பட்டுக் கோப்பை சாய்ந்தது. யார் மேலும் கொட்டவில்லை. மாப்பிள்ளை கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தார். அந்த அம்மா உடனே சிரித்தார். "நான் ஒரு லூசு, எங்க போனாலும் இப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே முந்தானையால் மேசையைத் துடைத்தார். கூடவே நானும் சிரித்தேன். இரண்டு சிரிப்பும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் நின்றன. சமையலறை வாசலில் நின்ற அக்கா சிரிக்கவில்லை.

அவர்கள் போன பிறகு அவள் என்னைப் பின்பக்கம் கூப்பிட்டாள்.

"அந்த அம்மா சிரிச்சத பாத்தியா?"

"பாத்தேன்."

"அது யாரு சிரிப்பு, சொல்லு."

நான் கோயில் தலைவர் குரலில் ஏதோ தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இங்கேர்ந்து போயி அங்கயும் சட்டை தேய்க்க என்னால முடியாதுடா. அப்பா உன்கிட்டதான் கேப்பாரு. நீ வேணாம்னு சொல்லு. நான் சொன்னா அழுதுடுவேன், அழுதா பொண்ணுக்கு வெக்கம்னு சொல்லி முடிச்சிடுவாங்க."

சரி என்றேன். நான் வேறு என்ன சொல்வேன்.

சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா தொண்டையைச் செருமிவிட்டு, இடம் எப்படி என்று என்னைக் கேட்டார். வேண்டாம் என்ற வார்த்தையை நாக்கு நுனியில்தான் வைத்திருந்தேன். செருமலைக் கேட்டதும் வயிறு வேலையை ஆரம்பித்தது.

"நல்ல இடம்பா. சொந்த லோரி வேற. அக்காவுக்கு இனிமே பஸ் செலவு மிச்சம்லா."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அக்கா என் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். போட்டு முடித்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "உன் வாய் உன்கிட்ட இல்லடா. எனக்குத் தெரியும். நான் மட்டும் என்ன, அவரு செருமுனா என் கை இஸ்திரிப் பெட்டிய தேடுது" என்றாள். அதற்குப் பதில் திட்டியே இருக்கலாம்.

பரிசம் எங்கள் வீட்டு ஹாலிலேயே நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளை வரிசையாக ஏந்திக்கொண்டு வந்தார்கள்: வெற்றிலை பாக்கு, பழம், பூ, சேலை. முதல் தட்டை மாப்பிள்ளையின் அம்மா கொடுக்க, எங்கள் பக்கத்தில் அம்மா இல்லாததால் நான் வாங்க வேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். தட்டை வாங்கினால் சம்மதம். வாங்கிய பிறகு பேச ஒன்றுமில்லை.

அந்த அம்மா தட்டை நீட்டினார். தட்டு ஒரு பக்கம் சாய்ந்து, மேலே இருந்த ஓர் ஆரஞ்சு உருண்டது.

"நேரா புடிம்மா" என்றார் மாப்பிள்ளை, பின்னாலிருந்து, மெதுவாகத்தான்.

அந்த அம்மா அதே சிரிப்பைச் சிரித்தார். வழக்கம்போல் நானும் சிரித்திருப்பேன், முகம் அதற்குத் தயாராகக்கூட இருந்தது. ஆனால் கை எழும்பவில்லை. தோளிலிருந்து கீழே இரண்டு கட்டையைத் தொங்கவிட்டது போல இருந்தது. தூக்கு என்று நான்தான் சொல்கிறேன், அது கேட்கவில்லை. துணிச்சல் என்று ஒன்றும் அப்போது என்னிடம் இல்லை. ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் அக்கா, முன்னால் அந்தச் சிரிப்பு. யாருக்குச் சரி சொல்வது என்று தெரியாமல் உடம்பு கடையை மூடிவிட்டது.

தட்டு அந்தரத்தில் நின்றது. அப்பா செருமினார். அப்போதும் கை எழும்பவில்லை. பெண்ணின் தம்பி தட்டை வாங்க மறுக்கிறான் என்றே எல்லாரும் நினைத்தார்கள். எங்கள் ஆட்கள் மத்தியில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது.

மாப்பிள்ளைக்கு முகம் மாறியது. என்னை விட்டுவிட்டுத் தன் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"ஒரு தட்டக் கூட ஒழுங்கா குடுக்கத் தெரியாதா உனக்கு? சனியன்."

அந்தக் குரலை முழு ஹாலும் கேட்டது. என் அப்பாவும் கேட்டார். தன் குரலை வெளியாள் வாயில் கேட்டவர் போல அவர் தரையைப் பார்த்தார்.

அறைக் கதவு திறந்தது. பட்டுச் சேலையும் பூவுமாக அக்கா வந்து என் பக்கத்தில் நின்றாள். அழத்தான் செய்தாள். ஆனால் வார்த்தை தெளிவாக வந்தது.

"ஆன்டி, தட்ட கீழ வச்சிடுங்க. கை வலிக்கும். எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

பிறகு நிறைய பேர் நிறைய பேசினார்கள். வந்த தட்டுகள் வந்த வழியே காருக்குப் போயின. அப்பா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த சில வாரங்கள் எங்களோடு பேசவில்லை. பெல்ட்டும் வெளியே வரவில்லை. அக்கா திங்கட்கிழமை வழக்கமான பஸ்ஸில் ஷா ஆலம் போனாள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் கதை வேறு மாதிரி பரவியது. அக்காவுக்காகச் சபையில் எதிர்த்து நின்ற தம்பி என்று ஆகிவிட்டேன். முடி வெட்டிக்கொள்ளப் போனபோது கடைக்கார அங்கிள் கத்தரியை நிறுத்திவிட்டு, "ஆம்பளன்னா நீதான்டா. எப்படிடா அவ்ளோ தைரியம்?" என்றார். அவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தக் கதை அவ்வளவு பிடித்திருந்தது.

"ஆமா அங்கிள், பொறுக்க முடியல" என்றேன்.