தண்ணி நல்லா வரும்

அப்பாவும் அம்மாவும் 'அப்ராடில் ரிட்டயர்' ஆகப் போகிறார்கள், ஏதோ ஒரு வெயில் நாட்டில் வீடு வாங்கியிருக்கிறார்கள் என்று என் மகள் தன் சிநேகிதியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வெயில் நாட்டில்தான் நான் பிறந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில், லேத் பட்டறைச் சத்தத்துக்கு நடுவே பிறந்து, அதே வெயிலில் ரேஷன் கடை வரிசையில் நின்று வளர்ந்தவள் நான். மகளைச் சொல்லிக் குற்றமில்லை, அவள் பிறந்தது கனடாவில், பனிக்காலத்தில். ஆனாலும் அதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் எந்த நாட்டுக்காரி என்பதை என்னைத் தவிர எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள்.

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் "கிளம்பு" என்றார், கிளம்பினேன். அந்த ஊர்க் குளிரில் முதல் இரண்டு வருடம் அழாத நாள் கிடையாது. அப்புறம் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை கிடைத்தது. கிழவர்களுக்குக் கஞ்சி மாதிரி ஒன்றைக் கிண்டிக் கொடுத்துக்கொண்டே அவர்கள் மொழியைக் கற்றுக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தக்காளி கொடுப்பாள், நான் இந்தப் பக்கமிருந்து கொத்தமல்லி கொடுப்பேன். பழகிவிட்டது. பழகிய பிறகு, ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்று என்று கேட்கிற அதே குரலில் இவர், வீட்டை விற்றாகிவிட்டது என்றார். எங்கே இருக்கலாம், கடைசிக் காலத்தை எங்கே கழிக்கலாம் என்று நான் மனதுக்குள் எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். அதில் ஒரு வார்த்தையைக்கூட அவர் கேட்கவில்லை.

"நம்ம ஊருக்குப் போறோம்" என்றார். அவ்வளவுதான்.

அவருடைய ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. அவர் ஆவடி குவார்ட்டர்ஸ் பையன். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர் என் மாமனார். குவார்ட்டர்ஸ் வீடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் சொந்தமில்லை. ரிட்டயர் ஆனதும் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அவர்கள் கிளம்பிப் போன வாடகை வீட்டில் குழாய் இருந்தது, தண்ணீர் இல்லை. லாரிக்குப் பின்னால் என் மாமியார் குடத்தோடு ஓடியதைப் பார்த்தவர் இவர். குவார்ட்டர்ஸில் வளர்ந்த அத்தனை பேரிடமும் இந்த வழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். எந்த வீட்டுக்குப் போனாலும் சுவரைப் பார்க்க மாட்டார்கள், ஜன்னலைப் பார்க்க மாட்டார்கள், முதல் கேள்வி "தண்ணி வருமா?" என்பதுதான். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டிலும் என் மாமியார் அதைத்தான் கேட்டார்.

வீடு தேடிக் கொடுத்தது அவருடைய குவார்ட்டர்ஸ் சிநேகிதர். வீடியோ காலில் வருவார், "வந்துடு மச்சான், கடைசிக் காலத்துல ஒண்ணா கெடப்போம்" என்பார், இவருக்குக் கண் கலங்கும். வீட்டைப் பார்க்க இருவரும் நேரில் வந்தோம். பூந்தமல்லி தாண்டி, செம்பரம்பாக்கம் பக்கத்தில், வயலாக இருந்த இடத்தில் வரிசையாக வில்லாக்கள் கட்டியிருந்தார்கள். வாசலில் தோரண வளைவு, உள்ளே ஈச்சமரங்கள். வரவேற்பறையில் கொடுத்த வழவழத்த புத்தகத்தில் 'டிராபிக்கல் லிவிங்' என்று போட்டிருந்தது. தொப்பி போட்ட வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று அதில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தது. நான் சும்மா வாங்கிக் கட்டிக்கொண்ட வெயிலை எனக்கே விலை போட்டு விற்கிறார்களே என்று வாய் வரை வந்தது. டை கட்டிய பையன் ஜூஸ் கொடுத்தான், குடித்துவிட்டுச் சும்மா இருந்தேன். மாடியிலிருந்து பார்த்தால் ஏரிக்கரை தெரியும் என்றான். ஏரி எங்கே தெரிகிறதோ அந்தப் பக்கமாகத் தண்ணீரும் போகும் என்று அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்?

வெளியே வந்ததும் இவர் தன் புத்திசாலித்தனத்தைக் காட்டினார். விற்கிறவன் சொல்வதை நம்பக் கூடாது, ஊர்க்காரர்களிடம் விசாரிக்க வேண்டும் என்று என்னிடம் பாடம் நடத்திவிட்டு, ரோட்டோரத்தில் இட்லிக் கடை போட்டிருந்த ஒரு அம்மாவிடம் போனார். அந்த அம்மாவுக்கு எங்கள் வயதுதான் இருக்கும். "ஏம்மா, இந்த எடத்துல தண்ணி வருமா?" என்று கேட்டார்.

"தண்ணியா கேக்குற நைனா? நல்லா வரும். எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து ஒரு வருசங்கூட வராம இருந்ததில்ல."

சென்னையே காலிக் குடத்தோடு திரிந்த வருடங்களில்கூடத் தண்ணீர் வந்த இடம்! இவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பையன் அப்படித்தான் பார்ப்பான். அந்த அம்மாவிடம் இட்லி வாங்கிச் சாப்பிட்டார், மீதிச் சில்லறையை வேண்டாம் என்றார், அன்று மாலையே கையெழுத்துப் போட்டார்.

குடிவந்த முதல் வாரத்திலேயே குழாயில் காற்றுதான் வந்தது. வில்லாக்காரர்கள் எல்லோருக்கும் லாரித் தண்ணீர். விற்ற பையன் போனை எடுக்கவில்லை. சிநேகிதரிடம் சொன்னால், "சரியாயிடும் மச்சான்" என்றார். ஒன்றாகக் கிடப்போம் என்ற அந்த மனிதர் இரண்டே மாதத்தில் மகன் வீட்டோடு இருக்கப்போகிறேன் என்று பெங்களூருக்கு மூட்டை கட்டினார். கிளம்பும்போது எங்கள் வீட்டில்தான் மீன் குழம்பு சாப்பிட்டார். நான் பரிமாறினேன். என் மரியாதையை நினைத்து எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இவரோ, அந்த இட்லிக்கார அம்மா கூசாமல் பொய் சொல்லிவிட்டாள், கமிஷன் வாங்கியிருப்பாள் என்று ஒவ்வொரு லாரி வரும்போதும் திட்டுவார். அந்தப் பக்கம் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த அம்மா எதுவும் தெரியாமல், "சாப்பிட்டியா நைனா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறந்தது. மழை விடாமல் பெய்தது. ஒரு நாள் காலையில் நான் காபி போட்டுக்கொண்டிருக்கிறேன், கீழே குளியலறையில் யாரோ வாய் கொப்பளிக்கிற மாதிரி சத்தம். எட்டிப் பார்த்தால் தரைத் துவாரம் வழியாகத் தண்ணீர் மேலே ஏறி வருகிறது. வாசல் கதவைத் திறந்தேன். ஈச்சமரங்களின் அடியே தெரியவில்லை. பழுப்புத் தண்ணீர் எந்த அவசரமும் இல்லாமல், வழி தெரிந்த தண்ணீராக, தோரண வளைவுக்குள் நுழைந்து நேராக எங்கள் படியேறியது. வாட்ச்மேன் எப்போதோ போய்விட்டார். நான் அரிசியையும் மாத்திரைகளையும் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடுகிறேன், இவர் தானாகத் தரை துடைக்கிற ஒரு யந்திரத்தைக் குழந்தையை அணைப்பது போல அணைத்துக்கொண்டு வருகிறார். "தரையே இல்லைங்க, எதைத் துடைக்கப்போறீங்க?" என்று கத்தினேன். அந்த வீட்டில் நான் கத்தியது அதுதான் முதல் தடவை. தொண்டைக்கு இதமாக இருந்தது.

மதியத்துக்குள் ஊர்க்காரர்கள் கயிறு பிடித்து எங்களை வெளியே கொண்டுவந்தார்கள். ஊர் மேட்டில் இருக்கிறது, அங்கே சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. ஈரத் துணியோடு நின்ற என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனது அந்த இட்லிக்கார அம்மாதான். "எங்க ஊட்டுக்கு வாம்மா, ஒண்ணும் வெக்கப்படாத" என்றது. உலர்ந்த புடவை கொடுத்தது, சுடச்சுட ரசம் சாதம் போட்டது. எங்கள் வீட்டுக்காரர் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா எதிரே உட்கார்ந்து, வர வேண்டிய விருந்தாளி வந்துவிட்ட சந்தோஷத்தில் சொன்னது:

"பாத்தியா நைனா. நான்தான் அன்னிக்கே சொன்னேனே, தண்ணி நல்லா வரும்னு."

இவர் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. மெல்லிய குரலில், "நான் கொழாய்த் தண்ணியக் கேட்டேம்மா" என்றார்.

"கொழாயா? இங்க எங்க நைனா கொழாய் கீது?"

அந்த அம்மாவுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. அந்த நிலத்தில் சின்ன வயதிலிருந்து நாற்று நட்டதாம். மேலே இருக்கிற ஊர்களின் மழைத் தண்ணீர் எல்லாம் அங்கே இருந்த ஒரு கால்வாய் வழியாக வந்து, வயலில் இரண்டு நாள் நின்று, பிறகு ஏரிக்குப் போகுமாம். தண்ணீர் வருகிற நிலம் என்றால் நல்ல நிலம். வெளியூர்க்காரர் ஒருவர் வந்து நிலத்தைப் பற்றி விசாரிக்கிறார், குறை சொல்லக் கூடாது என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறது. அந்த விற்பனையில் பொய் சொல்லாதவர் அந்த அம்மா ஒருவர்தான். கால்வாயின் மேல் வீடு கட்டியவன் வாயைத் திறக்கவில்லை, கட்டலாம் என்று அனுமதி கொடுத்தவன் கண்ணைத் திறக்கவில்லை, சிநேகிதர் பெங்களூரில் காய்ந்த தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அது கோபமாகிவிட்டது, ரசத்தின் சூட்டைவிட அதிகமாக உடம்பு கொதித்தது.

தண்ணீர் அந்த அம்மா சொன்னபடியே இரண்டு நாளில் வடிந்தது. சேறு வடியவில்லை. சோபா, கட்டில், பிரிட்ஜ் எல்லாம் தெருவுக்குப் போயின. சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கோடு. நான் சேற்றைத் தள்ளிக்கொண்டே இருந்தேன், இவர் மாடியில் உட்கார்ந்து மகளோடு வீடியோ காலில் பேசிக்கொண்டே இருந்தார். அப்பா, அது ஆபத்தான நாடு, உங்களுக்கு அங்கே பாஸ்போர்ட்கூடக் கிடையாதே என்று அவள் அழுதாள். தன் வீட்டு பேஸ்மென்டைச் சரிசெய்து தருகிறேன் என்றாள். ஜன்னல் தலைக்கு மேலே இருக்கிற, பகலிலும் விளக்கெரிய வேண்டிய அந்த பேஸ்மென்டை எனக்குத் தெரியும். வாஷிங் மெஷினும் குளிர்காலக் கோட்டுகளும் அங்கேதான் இருக்கின்றன.

இவர் கீழே இறங்கி வந்தார். சேற்றில் கால் படாமல் கடைசிப் படியிலேயே நின்றுகொண்டார். சொன்னார்:

"இதைக் கிடைச்ச விலைக்குத் தள்ளிட்டு, நம்ம ஊருக்கே போயிடுவோம்."

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. நம்ம ஊரா? கனடாவில் இருந்த காலமெல்லாம் நம்ம ஊரு நம்ம ஊரு என்று ஆவடியையும் பூந்தமல்லியையும் சொல்லி என் காதைப் புண்ணாக்கியவர் இவர். என் கொத்தமல்லிப் பாத்தியிலிருந்து என்னைப் பிடுங்கியது அந்த இரண்டு வார்த்தைதான். இப்போது சேறு பட்டதும் நம்ம ஊரு விமானம் ஏறிக் கடல் தாண்டிப் போய்விட்டது. அதற்குப் பின்னால் நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

சேறு தள்ளுகிற கட்டையைக் கீழே போட்டேன். "நான் வரல" என்றேன். "நீங்க போங்க. டிக்கெட் போடுறதா இருந்தா ஒண்ணு போடுங்க." இந்த வீடும் எனக்குப் பிடிக்கவில்லை, அந்த பேஸ்மென்டும் வேண்டாம், இந்த வயதில் என்னை இன்னொரு முறை பெயர்த்து நட முடியாது என்றேன். அழவில்லை. பக்கத்து வில்லாக்காரர்கள் சேறு தள்ளுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள், கேட்கட்டும் என்றுதான் பேசினேன்.

அவர் கடைசிப் படியிலிருந்து சேற்றில் இறங்கினார். பிறகு கேட்டார்: "சரி. நீ எங்க இருக்கணும்னு நினைக்கிற?"

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படி ஒரு கேள்வியை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் வாயைத் திறந்தேன். அம்பத்தூரில் நான் பிறந்த தெரு இப்போது ஒரு குடோன். கனடா வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். வருடக்கணக்காக மனதில் யோசித்து வைத்திருந்ததாக நினைத்த பதில் அங்கே இல்லை. நான் யோசித்ததெல்லாம் கேட்க மாட்டேன் என்கிறாரே என்பதைத்தான், கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அந்தச் சேற்றில் நின்றபோது எனக்கு வந்த கோபம் வெள்ளத்தின் மேலும் இல்லை, வீடு விற்றவன் மேலும் இல்லை. கேட்க வேண்டிய வயதில் கேட்டிருந்தால் சட்டென்று சொல்லியிருப்பேன்.

யோசித்துச் சொல்கிறேன், அதுவரை யாரும் எதையும் விற்கக் கூடாது, டிக்கெட்டும் போடக் கூடாது என்றேன். சரி என்றார். கட்டையை எடுத்துச் சேற்றைத் தள்ள ஆரம்பித்தார். நான் இன்னும் சொல்லவில்லை. தினமும் காலையில் காபியைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும்.