மூச்சு விடலாம்

உடம்புக்குள் ஒளிந்திருக்கும் எதுவும் ஒலி அலைக்குத் தப்ப முடியாது. கடவுளே வந்து படுத்தாலும் அவர் ஈரல் எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஸ்கேன் டாக்டர் இதை மேடையில் முழங்கி முடித்த பிறகுதான், மைக் வேலை செய்யவில்லை என்று யாரோ வந்து காதில் சொன்னார்கள். அந்த டாக்டருக்கு நேர்ந்ததுதான் இது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அவருக்கும் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

டாக்டரிடம் ஒரு பழக்கம். படுத்திருப்பவரிடம் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்பார். இழுத்துப் பிடித்தால் ஈரலும் சிறுநீரகமும் கொஞ்சம் கீழே இறங்கி, திரையில் பளிச்சென்று தெரியும். பார்க்கிற சுவாரசியத்தில் "விடலாம்" என்று சொல்ல மறந்துவிடுவார். நோயாளி கண் பிதுங்கிக் கிடப்பார். பதினெட்டு வருஷமாக அந்த "விடலாம்" என்பதைச் சொல்லி ஜனங்களைக் காப்பாற்றியது, பக்கத்தில் நின்ற சிஸ்டர்தான். ஒரு நாள் சிஸ்டர் கொஞ்சம் முந்திக்கொண்டார். படம் கலைந்தது.

"இங்க டாக்டர் நானா, நீங்களா?"

வெளியே காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. மறுநாளிலிருந்து சிஸ்டர் வேலைக்கு வரவில்லை. கோபம் என்று டாக்டர் நினைத்தார். போன் பண்ணவில்லை. கௌரவம்.

மனைவி போய்ச் சேர்ந்தாயிற்று. மகள் கடல் தாண்டிப் போயாயிற்று. வீட்டில் அவரோடு பேச ஃப்ரிட்ஜ் ஒன்றுதான் பாக்கி. அதுவும் எப்போதாவது முனகும். இந்த நிலையில்தான் விலாவில் வலது பக்கம் வலி வந்தது. பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. 'இளைச்சுட்டீங்களே' என்று கேட்க ஆளில்லை. இன்னொரு ஸ்கேன் டாக்டரிடம் போய்ப் படுக்கலாம் என்றால் ஊர் சிரிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சென்டருக்கு லீவு. உள்ளே போய் ஷட்டரை இழுத்துப் பூட்டினார். விளக்கை அணைத்தார். சட்டையைத் தூக்கி, வயிற்றில் ஜெல்லைப் பிதுக்கிக்கொண்டு படுத்தார். ஜில்லென்றது. அந்தக் கட்டிலில் அவர் படுத்தது அதுதான் முதல் தடவை. திரை வெளிச்சத்தில் மேலே ஃபேனில் ஒரு முழம் ஒட்டடை. இதைப் பார்த்துக்கொண்டா எல்லாரும் கிடந்தார்கள்?

உடம்பில் வைத்துத் தேய்க்கும் ப்ரோபை எடுத்து வலது பக்கம் வைத்தார். ஈரல்... பரவாயில்லை. பித்தப்பை... சுத்தம். வலது சிறுநீரகம்... ஒன்றுமில்லை. வலித்த இடத்தில் வெறும் வாயு. சிரிப்பு வந்துவிட்டது. துடைக்கத் துணியைத் தேடினார்.

"இடது பக்கம் பார்க்கலையே சார்."

கட்டிலுக்குப் பின்னால், திரைச்சீலைக்கு அந்தப் பக்கம். சிஸ்டரின் குரல்.

டாக்டருக்குக் கூச்சமாகப் போயிற்று. தூக்கிய சட்டையும் ஜெல்லுமாகவா அகப்பட வேண்டும்? பின்கதவுச் சாவி சிஸ்டரிடம் உண்டு. சமாதானமாகித் திரும்பி வந்திருக்கிறார். 'வாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"ஒருக்களிச்சுப் படுங்க. அதை இப்படிக் கொடுங்க, உங்களுக்கு எட்டாது."

முதுகுப் பக்கமிருந்து ஒரு கை வந்து ப்ரோபை வாங்கிக்கொண்டது. விரல்கள் பட்டன. ஜெல்லை விடச் சில்லென்று...

"மூச்சை இழுத்துப் பிடிங்க."

பிடித்தார்.

அறை அடங்கியது. அப்போதுதான் உறைத்தது. இவர் மூச்சு நின்றால், பின்னால் நிற்பவரின் மூச்சாவது கேட்க வேண்டுமே...

கேட்கவில்லை.

திரையில் இடது சிறுநீரகம். அதன் மேல் முனையில் சின்னதாய் ஓர் உருண்டை. அங்கே இருக்கக் கூடாத உருண்டை.

ப்ரோப் அதன் மேலேயே நின்றது. அசையவில்லை.

காது இரைந்தது... நெஞ்சு அடைத்தது...

"சிஸ்டர்... விடலாமா?"

"நீங்கதானே சார் டாக்டர்."

விட்டார்.

டக்.

ப்ரோப் நழுவி ஒயரில் தொங்கியது.

திரும்பினார். யாருமில்லை.

பின்கதவில் உள்தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது.

உருண்டையை வெட்டி எடுத்தார்கள். "விட்டிருந்தா ஆளையே கொண்டுபோயிருக்கும். இவ்வளவு சின்னதா இருக்கும்போதே பிடிச்சிட்டீங்களே, உங்க கண்ணே கண்ணு சார்!" என்றார் சர்ஜன். புகழ்ச்சிக்கு டாக்டர் தலையாட்டாமல் இருந்தது அன்றுதான்.

நடமாட ஆரம்பித்ததும் சென்டர் வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

"சிஸ்டர் வீடு எங்கப்பா?"

"நம்ம சிஸ்டரா? அவங்க தவறிட்டாங்களே சார். உங்ககிட்ட வந்து சொன்னேனே."

"என்கிட்டயா?"

"ஆமா சார். நுரையீரல்ல தண்ணி கோத்து, மூச்சு முட்டிப் போயிட்டாங்கன்னு சொன்னேன். நீங்க திரையைப் பார்த்துக்கிட்டே, 'சரி சரி, அடுத்த ஆளை அனுப்பு'ன்னீங்க."

"எப்ப அது?"

"ஒரு ஞாயித்துக்கிழமை தனியா வந்தீங்கல்ல, அதுக்கு முந்தின வாரம்."

டாக்டர் வீட்டுக்கு அடையாளம் கேட்டுக்கொண்டார். பிறகு துக்கம் விசாரிக்கக் கிளம்பினார். வாட்ச்மேன் சொன்ன அடையாளத்தில் மூன்று மாடிக் கட்டடம் இருந்தது. வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள்.

"சிஸ்டர் வீடு... சமீபத்துல தவறிட்டாங்க..."

"ஐயோ, யாரு? இங்க மாடிக்கு ரெண்டு சிஸ்டர் இருக்காங்க சார். நான் குடிவந்து நாலு நாள்தான் ஆச்சு. பேரைச் சொல்லுங்க, கேட்டுச் சொல்றேன்."

டாக்டருக்குப் பெயர் தெரியவில்லை.