காய்ச்சல் நின்ற பிறகு

ஒரு திங்கட்கிழமை காலை எட்டேகால் மணிக்கு, இராயபுரத்தில் எங்கள் தெருமுனையில் என் மகள் கனகா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பள்ளிக்கூடம் கண்ணெதிரே இருந்தது. "அப்பா, மூச்சு வரல" என்றாள். ஏழு வயது.

அதற்கு முந்தைய மாதம்தான் கடும் மலேரியாவில் நினைவு தப்பி, வலிப்பு வந்து, மருத்துவமனையில் போட்ட கொயினா ஊசியில் பிழைத்தாள். காய்ச்சல் நின்றதும் "குணமாகிவிட்டது, கூட்டிப்போங்கள்" என்றார்கள். வேறொன்றும் சொல்லவில்லை.

வீட்டில் நல்ல நாள் பார்த்துத் தலைக்கு ஊற்றினோம். தலைக்கு ஊற்றியாயிற்று என்றால் எங்களுக்கு நோய் முடிந்தது என்று பொருள். பிறகு அவள் வெளுத்துப்போனதை, "உடம்பு தேற நாளாகும்" என்றோம். பலப்பத்தையும் சுவர்ச் சுண்ணாம்பையும் தின்றதற்கு வகுப்பில் அடி வாங்கினாள். இரத்த சோகை (இரத்தத்தில் சிவப்பணு குறைதல்) வந்த பிள்ளைகள் இவற்றைத் தேடித் தின்னும் என்று சொல்லியனுப்ப மருத்துவமனையில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

கைரிக்ஷாவில் அதே மருத்துவமனைக்கு ஓடினோம். ஜுர வார்டு வாசலில் சேவகர் அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"ஜொரம் இல்லியே. இங்க இன்னாத்துக்கு இட்டுகினு வந்தே? அந்தாண்ட போ."

வெளிநோயாளர் பகுதியில் கம்பவுண்டர், "ஜுர வார்டு கேஸ்தானே? அங்கேயே போங்க" என்றார். மறுபடி சேவகரிடம் வந்தோம். அவர் கையை விரித்தார்.

வாசலில் காத்திருந்த காசிமேட்டு மீன்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "பொணத்துக்குக்கூடத்தான் ஜொரம் இருக்காது நைனா. அத்தையும் வூட்டுக்குப் போன்னுவியா?"

சேவகர் சிரித்தார். என் மனைவி குழந்தையின் காதைப் பொத்தினாள்.

உங்கள் பிள்ளை மலேரியாவில் பிழைத்திருந்தால், காய்ச்சல் நின்ற நாளைக் கடைசி நாளாக எண்ணாதீர்கள். வெளுத்தாலோ, நாலடி நடந்ததும் மூச்சு இளைத்தாலோ தூக்கிக்கொண்டு போங்கள். விரட்டினால் நகராதீர்கள்.

கனகா இன்று எங்களோடு இருக்கிறாள். ஆனால் அவள் ஓடிவந்து நின்றால், அந்த மூச்சு அடங்கும்வரை எனக்குப் பொழுது நகர்வதில்லை.

அன்று நடுப்பகல் தாண்டித்தான் ஒரு டாக்டரம்மா வந்தார். யாரும் அழைக்கவில்லை. வேறு வேலையாக வராந்தாவில் போனவர், கனகாவைப் பார்த்து நின்றார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"திரும்ப எப்போ வரணும்னு சொல்லி அனுப்பினாங்களா?"

"இல்லைங்க. குணமாயிடுச்சுன்னாங்க."

சேவகரை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்:

"சொல்லியிருக்கணும். அது எங்க தப்பு. பிள்ளையத் தூக்குங்க, உடனே ரத்தம் ஏத்தணும்."