சிப்பின் ஒற்றைக் காலும் இரண்டு மரியாதைக்காரர்களும்

தொண்ணூறுகளின் நடுவில், கோயம்புத்தூரில் ஒரு சின்ன எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இருந்தேன். விசைத்தறிக்கு ஒரு பெட்டி செய்தோம். நெய்த துணியின் மீட்டரை டிஸ்பிளேயில் காட்டும். ஸ்டாப் பட்டனை அமுக்கினால் தறியை நிறுத்தும். எங்கள் முதலாளிக்குச் சிக்கனம் ரத்தத்தில் ஊறியது. ஆகவே வயர் இணைக்கும் கம்பிக் கால்கள் குறைந்த சிப்பாகப் பார்த்து வாங்கி, மிச்சமிருந்த ஒரே காலில் டிஸ்பிளேயையும் பட்டனையும் சேர்த்துக் கட்டச் சொன்னார்.

"ஒரே கெணத்துல ரெண்டு பங்காளி முறை வெச்சுத் தண்ணி எறைக்கறதில்லீங்களா? அனுசரிச்சுப் போங்க."

பங்காளிகள் அந்தக் கிணற்றுக்காகவே கோர்ட்டு வாசலில் நரைத்துப்போவது அவருக்கு நினைவில்லை.

பட்டனுக்கான ப்ரோகிராம் என்னுடையது, டிஸ்பிளேக்கானது கூட வேலை பார்த்த நண்பருடையது. நாங்கள் பங்காளிகளாக இருந்திருந்தால் அடித்துக்கொண்டாவது ஒரு முறை வகுத்திருப்போம். பாழாய்ப்போன மரியாதை எங்கே விட்டது?

"உங்களுக்கு வேணுங்கறப்ப எடுத்துக்குங்க, நான் இருந்துக்கறேனுங்க" என்றேன்.

"அய்ய, நீங்க எடுத்துக்குங்க. எனக்கென்ன அவசரமுங்க?" என்றார் அவர்.

ப்ரோகிராமையும் அப்படியே எழுதினோம். காலைத் தொடுமுன் அடுத்தவருக்கு வேண்டுமா என்று பார்ப்பது. வேண்டுமென்றால் அவர் முடிக்கும்வரை காத்திருப்பது. ஆபீஸ் மேஜையில் அருமையாக ஓடியது. முதலாளி எல்லோருக்கும் டீ சொன்னார்.

கருமத்தம்பட்டியில் ஒரு தறிக்கூடத்தில் பெட்டியை மாட்டினோம். தறி ஓட்டிய அக்கா இழை அறுந்ததைப் பார்த்துப் பட்டனை அமுக்கிவிட்டு, தறி நின்றுவிடும் என்று நம்பி முடிச்சுப்போடக் கையை உள்ளே விட்டார். அதே நொடியில் மீட்டர் எண் மாற வேண்டியிருந்தது. இரண்டு ப்ரோகிராமும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு அப்படியே நின்றுவிட்டன. தறி நிற்கவில்லை. ஊடு நூலோடு குறுக்கே பாய்ந்து வந்த நாடாக்கட்டை அவர் விரல்களில் அடித்தது.

எலும்பு முறியவில்லை. ஆனால் விரல்கள் வீங்கி நீலம் பாரித்தன. அந்த நிலையிலும் அவர் சொன்னார்: "நாந்தான் சரியா அமுக்கலையாட்ட இருக்குதுங்க."

திரும்பி வந்ததும் நண்பரிடம் முதல்முறையாக மரியாதை இல்லாமல் பேசினேன். "பட்டன் அமுக்கினா கால் எனக்கு. உங்க டிஸ்பிளே செத்தாலும் சரி."

"இத மொதல்லயே சொல்லிப்போட்டிருந்தா நான் வேண்டாம்னா சொல்லப்போறேனுங்க?" என்றார். நாலு வரி மாற்றினோம், தீர்ந்தது.

அக்காவின் வீக்கம் வடிந்தபின் பெட்டியோடு மறுபடி போனோம். எத்தனை தடவை அமுக்கியும் தறி சட்டென்று நின்றது. மீண்டும் ஓட்டினோம். இழை ஒன்று அறுந்தது. அக்கா பட்டனை அமுக்கினார், தறி நின்றது. ஆனால் கையை உள்ளே விடவில்லை.

"ஏனுங்க சாமி, தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். "உங்கள்ல ஒருத்தரு கைய உட்டுக் காட்டுங்க, அப்பறம் நான் உடறேன்."

நண்பர் மிகுந்த மரியாதையோடு ஒதுங்கி எனக்கு வழிவிட்டார்.