ஜோடிக்கு ஒரு பெயர்

இன்ஷூரன்ஸ் என்ற பேச்சை எடுத்தாலே எனக்கு எரிச்சல் வரும். அப்பா தங்கவயல் சுரங்கத்தில் இறங்கி ஏறியவர். போகிற உயிர் போகும், அதற்கு முன்பணம் எதற்கு என்பது எங்கள் வீட்டு ஞானம். சுரங்கம் மூடுவதற்குள் நான் பெங்களூருக்கு வந்துவிட்டேன். பொம்மனஹள்ளியில் ஓர் அறை எடுத்து, தர்மபுரிப் பக்கத்து ஆட்களைச் சேர்த்து, காங்கிரீட் போடும் லேபர் கான்ட்ராக்டர் ஆனேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஓசூர் ரோட்டில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்ப ஆரம்பித்ததும் வேலைக்குப் பஞ்சமே இல்லை.

ஆனால் பெரிய சைட்டுகளில் ஒரு புது வழக்கம் வந்திருந்தது. பாலிசி இல்லாத கான்ட்ராக்டரை கேட்டுக்குள் விடமாட்டார்கள். "பாலிசி காப்பி கொடி, ஆமேலே ஒளகே பன்னி" என்றார் இன்ஜினியர். காப்பி வந்தால்தான் நீ உள்ளே வரலாம் என்கிறார். திட்டிக்கொண்டே விவேக் நகரில் ஒரு ஏஜென்டைத் தேடிப் போனேன்.

அவர் நிதானமான மனிதர். ஒவ்வொன்றாகச் சொன்னார். "மெஷின், சாமான், கட்டுன கட்டடம் வீணானா அதுக்கு ஒரு பாலிசி சார். ரோட்டுல போறவன் தலையில செங்கல் விழுந்தா அதுக்கு ஒண்ணு. உங்க லேபருக்கு உயிரோ கைகாலோ போனா அதுக்கு வேற. அவங்க உங்களைக் கேக்கறது இந்தக் கடைசி ஒண்ணைத்தான். எத்தனை பேர் வெச்சிருக்கீங்க?"

"பதினெட்டு ஜோடி. தனி ஆளுங்க ஆறு பேரு."

எங்கள் தொழிலில் தலையை எண்ணுவதில்லை, ஜோடியைத்தான் எண்ணுவோம். புருஷன் மெஷினில் ஜல்லியும் மணலும் கொட்டுவான், பெண்டாட்டி சட்டி தூக்குவாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கூலி, சனிக்கிழமை அவன் கையில் கொடுப்போம். ரிஜிஸ்டரில் ஒரு வரி, அதில் அவன் பெயர். நான் வருவதற்கு முன்பே அப்படித்தான் இருந்தது. யாரும் ஏன் என்று கேட்டதில்லை, அந்தப் பெண்கள் உட்பட.

ஏஜென்ட் பேனாவை நிறுத்தினார். "ஜோடின்னா ரெண்டு பேருதானே சார்?"

"ஒரு கூலிதானே குடுக்கறேன். ஒரு ஆளுன்னே போடுங்க."

தெரியாமல் சொன்னேன் என்று எழுத ஆசைதான். பாதி தெரியாமல் சொன்னேன், பாதி பிரீமியம் குறையட்டும் என்று சொன்னேன். அவர் இருபத்து நான்கு என்று எழுதி, ரிஜிஸ்டரில் இருந்த பெயர்களைப் பட்டியலாகச் சேர்த்துக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று மாதம் கழித்து, மூன்றாவது மாடிக்கு காங்கிரீட் போட்டுக்கொண்டிருந்த ஒரு காலை வேளை. லிஃப்ட் வரவேண்டிய குழியை ஒரு பிளைவுட் பலகையால் மூடியிருந்தார்கள். மழையில் ஊறிய பலகை. சட்டியோடு அதன் மேல் கால் வைத்தாள் ஒருத்தி. பலகை முறிந்த சத்தம் கேட்டு நான் ஓடிப்போய்க் குழிக்குள் பார்த்தபோது அவள் கண் திறந்தே இருந்தது, உயிர் இல்லை. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. தகர ஷெட்டில் இரண்டு பிள்ளைகள், சின்னது இன்னும் பால்குடி. புருஷன் கீழே மெஷின் பக்கத்தில் நின்றிருந்தான்.

பிரேதப் பரிசோதனை முடித்து, வண்டி பிடித்து, ஊருக்கு அனுப்பி வைத்தேன். பிறகு பாலிசியை எடுத்துக்கொண்டு ஏஜென்டிடம் ஓடினேன். அவர் பெயர்ப் பட்டியலை மேலிருந்து கீழாக இரண்டு முறை பார்த்தார்.

"பொம்பளைங்க ஒருத்தர் பேருமே இல்லையே சார்."

"வேலை செஞ்சாளே சார். எல்லாரும் பார்த்தாங்களே."

"அன்னிக்கே கேட்டேன்." குரலை இறக்கினார். "சட்டப்படி பார்த்தா நீங்க கையில இருந்து குடுக்கணும். அந்தாளு லேபர் ஆபீசுக்குப் போனா விட மாட்டாங்க. ஆனா போக மாட்டான் சார். நீங்களா வாயைத் திறக்காதீங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. கொடுத்திருந்தால் என் தொழில் படுத்திருக்கும், உண்மை. ஆனால் பட்டினி கிடந்திருக்க மாட்டேன், அதுவும் உண்மை. அடுத்த பாலிசியிலிருந்து பெண்கள் பெயரையும் எழுத ஆரம்பித்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

பதினாறாம் நாள் காரியம் முடித்து அவன் பிள்ளைகளோடு திரும்பி வந்தான். என்னைப் பார்த்ததும் கும்பிட்டான். வண்டி வைத்து அனுப்பினேனாம், வேறு மேஸ்திரியாக இருந்தால் செய்திருக்க மாட்டானாம். அந்தக் கும்பிடு என்னைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

"அவ பேரு அதுல இல்லியாமேண்ணா?"

"இல்லப்பா. ஜோடிக்கு ஒன் பேருதான் இருக்கு."

சின்னதை இடுப்பில் ஏற்றிக்கொண்டான். "அப்போ நான் உழுந்திருந்தா குடுத்திருப்பாங்களா?"

"குடுத்திருப்பாங்க."

"புள்ளைங்களுக்கா?"

"ஆமா. புள்ளைங்களுக்குத்தான்."

"அது இன்னும் எத்தினி நாளைக்கு இருக்குது?"

எது என்று முதலில் எனக்குப் புரியவில்லை. பாலிசியைத்தான் கேட்கிறான். இன்னும் எட்டு மாதம் என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"என்னை மேலயே போடுண்ணா" என்றான்.

அழவில்லை. குரலில் கோபமும் இல்லை. ஷிஃப்ட் மாற்றிக் கேட்கிறவன் போலத்தான் கேட்டான். பைத்தியக்காரா என்று கத்தினேன். லேபர் ஆபீசுக்குப் போ, உனக்குச் சேரவேண்டியது என்னிடம் இருக்கிறது என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வாக்கியம் வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். அவனைத் தரையில் கம்பி வளைக்கும் வேலைக்குப் போட்டேன். தினமும் காலையில் வந்து மேலே அனுப்பச் சொல்லிக் கேட்டான். தினமும் மறுத்தேன். பத்து நாள் பார்த்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சொல்லாமல் போய்விட்டான்.

ஆனேக்கல் பக்கம் வேலை எடுத்திருந்த இன்னொரு கான்ட்ராக்டரை ஒரு மாதம் கழித்து டீக்கடையில் பார்த்தேன். என் ஆள் ஒருவன் அவரிடம் சேர்ந்திருக்கிறான், நல்ல வேலைக்காரன் என்றார். சேரும்போது கூலி எவ்வளவு என்றுகூட அவன் கேட்கவில்லையாம். பாலிசியில் தன் பெயரை எழுதுவீர்களா என்று மட்டும் கேட்டானாம்.