ராசாவுக்குக் கொம்பு முளைக்கவில்லை

எங்கள் சித்தப்பாவுக்குக் கண்பார்வையில் ஒரு குறையும் கிடையாது. பழங்காநத்தத்துக் கண்மாய்க்கரையில் நின்றபடியே, அக்கரையில் மேய்கிற மாடு யார் வீட்டு மாடு என்று சொல்லிவிடுவார். தான் வளர்க்கும் மான் பெண் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளவே மாட்டார்.

நாகமலைப் பக்கம் ஆடு மேய்ப்பவர் ஒருவர், தாயில்லாத புள்ளிமான் குட்டியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சித்தப்பா அதற்கு ராசா என்று பெயர் வைத்தார். கொம்பு கிளைவிட்டதும் சித்திரைத் திருவிழாவுக்கு ஓட்டிப்போவதாகத் தெருவெல்லாம் சொல்லியும் வைத்தார். மான் வளர்ந்தது, கொம்பு வரவில்லை. அதன் நெற்றியில் தினமும் விளக்கெண்ணெய் தேய்த்தார். "லேசா முட்டுது பாரு" என்று என் விரலைப் பிடித்து வைப்பார். ஒன்றும் முட்டாது.

"அது பொட்ட மான்டா. எங்கிட்டு இருந்துடா கொம்பு வரும்?" என்று அப்பா தலையில் அடித்துக்கொள்வார்.

"வரும்ணே. பொறுத்துப் பாருங்க."

சித்திக்கு மூன்று பெண்கள்; நான்காவது வயிற்றில் இருந்தது. சித்தப்பா எண்ணெய்க் கிண்ணத்தோடு கொட்டிலுக்குப் போகும்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எண்ணெய் வீணாகிற கோபம் என்று நினைத்தேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஒரு படம் காட்டினார். பனி தேசத்து மான் ஜாதி ஒன்றில் ஆணுக்கும் பெண்ணுக்கும் கொம்பு உண்டாம். வீட்டுக்கு வந்து வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? சொல்லிவிட்டேன். சித்தப்பா என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றினார்.

"கேட்டீகளாண்ணே? பொட்டையாவே இருக்கட்டும். குளிர்ச்சி பத்தல, அம்புட்டுத்தான்!"

மறுநாள் விடியலிலேயே என்னை எழுப்பினார். மார்கழி மாதம். நான் கிணற்றில் இறைக்க வேண்டும். அவர் மான் தலையில் ஊற்றுவார். மானும் நடுங்கும், நானும் நடுங்குவேன். "அது வேற ஜாதி மான் சித்தப்பா" என்று எத்தனை தடவை கத்தினாலும் அவர் காதில் ஏறாது. கயிறு இழுத்து என் உள்ளங்கை கொப்பளித்ததுதான் மிச்சம்.

தை பிறந்தது. சித்திக்கும் பிறந்தது, பெண். சித்தப்பா அந்த அறைப் பக்கமே போகவில்லை. கொட்டிலே கதியென்று கிடந்தார். எனக்கு இறைக்கிற வாளிகள்தான் கூடிக்கொண்டே போயின.

ஒருநாள் காலையில் சித்தி பச்சை உடம்போடு கொட்டிலுக்கே வந்துவிட்டாள். ஈரம் சொட்ட நின்ற மானைப் பார்த்தாள். எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த அவரைப் பார்த்தாள். கையிலிருந்த குழந்தையை அவர் மடியில் கிடத்தினாள்.

"இதுக்கும் கொம்பு வராது. இதுக்கும் ஊத்திப் பாக்குறீகளா?"

சித்தப்பா நிமிரவில்லை. எண்ணெய்க் கை பட்டுவிடாமல், குழந்தையை முழங்கையால் மெல்ல அணைத்துக்கொண்டார்.

எனக்கோ பொறுமை போய்விட்டது. வாளியைத் தரையில் போட்டேன். "இதுக்கும் ஊத்தணும்னா நான் எறைக்க மாட்டேன், சொல்லிப்புட்டேன்!"

சித்தி சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணிலிருந்து நீர் வழிய வழிய, நிறுத்த முடியாமல் சிரித்தாள்.

மறுநாள் என்னை யாரும் எழுப்பவில்லை. இத்தனை பேர் இருக்கிற வீட்டில் நான் படுகிற பாடு ஒருத்திக்காவது புரிந்ததே என்று, அன்று எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.